நோயை அடக்குவது பூசையா, கணக்கா?

(உக்கடத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் உடம்பிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கணக்குப் போட்டு அறிவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். தலைவர் தலைப்பைப் படித்தவுடனேயே முன் வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வெற்றிலைக் கடைப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கணக்கு என்றால் வாத்தியார் கைப் பிரம்பு ஞாபகத்துக்கு வருகிறவர்கள்தானே நம்மில் அதிகம்! நானும் காலேஜுக்குப் போனவனல்ல. மில்லில் நூல் சிட்டம் எண்ணியும், கூலி பாக்கியை விரல் விட்டுக் கூட்டியும் பழகினதுதான் என் கணக்கு. மற்றதெல்லாம் வாசகசாலையில் கிடைத்த புத்தகங்களிலிருந்து தெரிந்துகொண்டது. ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் நீங்களே பென்சில் பிடித்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சரியாக வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், வராவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! நமது கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று ஒரு சாமி இருப்பது உங்களுக்குத் தெரியும். சென்ற நூற்றாண்டின் துவக்கத்தில் இவ்வூரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கிற்று. ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டங்காடுகளில் போய்க் குடிசை போட்டார்கள். அப்போது கும்பிட ஏற்பட்ட சாமிதான் அது. பிளேக் போய்விட்டது, சாமி மாத்திரம் போகவில்லை. சரி, அது படிக்காத காலம் என்று விட்டுவிடலாம். 2021-ம் வருஷம் மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாவது அலை அடித்துக்கொண்டிருந்தபோது, இதே கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் ஒரு மடத்தில் "கொரோனா தேவி" என்று கறுப்புக் கல்லில் சிலை வைத்து 48 நாள் பூசை நடத்தினார்களே, அதை எந்தக் காலத்தில் சேர்ப்பது? அந்த மாதக் கடைசியில் நோயாளிகளின் தொகையில் கோவை ஜில்லா சென்னையையே மிஞ்சியிருந்தது. பிறகு நோய் இறங்கிற்று. "பார்த்தீர்களா, தேவி மனமிரங்கிவிட்டாள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார்.

நோய் இறங்கியது உண்மைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஏன் இறங்கிற்று என்பதுதான் கேள்வி. ஊரடங்கு ஒரு காரணம். அது அல்லாமல் வேறொரு காரணமும் உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன கணக்குக்கு நூறு வயது ஆகப்போகிறது; அதற்கு மூலமாக இருந்த புள்ளிகளோ நம் நாட்டுப் பிணங்களை எண்ணிக் கிடைத்தவை. மக்கென்ட்ரிக் என்ற ஸ்காத்லாந்து டாக்டர் இந்தியாவில் பல வருஷம் உத்தியோகம் பார்த்தவர். காசௌலியிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் இருந்தவர். 1911-ல் இவரும், கேசவ பாய் என்ற நம் நாட்டு டாக்டரும் சேர்ந்து, கிருமி எந்த வேகத்தில் பெருகுகிறது, தீனி குறையக் குறைய அந்த வேகம் எப்படித் தளருகிறது என்பதற்குக் கணக்கு எழுதினார்கள். பிறகு 1927-ல் மக்கென்ட்ரிக், கெர்மாக் என்ற இன்னொரு விஞ்ஞானியுடன் சேர்ந்து, 1905-06-ல் பம்பாயில் வாரா வாரம் பிளேக்கில் செத்தவர்களின் தொகையை எடுத்துக்கொண்டு, அந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு சூத்திரத்தில் அடங்குவதாகக் காட்டினார். நோயைக் கொடுக்கக்கூடியவர் ஒரு பக்கம், நோயை வாங்கக்கூடியவர் ஒரு பக்கம். வாங்கக்கூடியவர் தொகை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், ஒரு நோயாளி இன்னொரு நோயாளியைக்கூட உண்டாக்க முடியாமல் அலை தானே சரிகிறது. ஊரிலுள்ள அத்தனை பேரும் படுத்தாக வேண்டும் என்கிற அவசியமே இல்லை. (பிளேக்குக்கு எலியும் தெள்ளுப்பூச்சியும் பருவமும் சேர்ந்திருப்பதால் அந்தப் பம்பாய்ப் பொருத்தம் அவ்வளவு சுத்தமல்ல என்று பின்னால் வந்தவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். அதையும் சொல்லிவிடுவதுதான் யோக்கியம்.)

ஆகவே, அலை உச்சிக்கு வந்த சமயம் பார்த்து 48 நாள் பூசை வைத்தால் 48-ம் நாள் நோய் இறங்கித்தான் இருக்கும். பூசை வைக்காவிட்டாலும் இறங்கியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு சங்கு ஊதிவிட்டு, நான் ஊதியதால்தான் சூரியன் அஸ்தமித்தான் என்று ஒருவன் சொன்னால் அவனுக்குத் தட்சணை கொடுப்பீர்களா?

இது ஊருக்குள் நடக்கிற கணக்கு. இனி உடம்புக்குள் நடக்கிற கணக்குக்கு வருகிறேன்.

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, எதிர்ப்பொருள் என்ற ஒரு சரக்கைச் செய்வது. ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு அச்சில் வார்த்த பூட்டுப் போல. உள்ளே வந்த கிருமி என்ற சாவி எந்தப் பூட்டுக்குப் பொருந்துகிறதோ, அந்த அணு இரண்டாகிறது, நாலாகிறது, எட்டாகிறது. முதலில் பொருந்துகிறவை சொற்பம். ஒரு பேச்சுக்கு, அரை நாளுக்கு ஒரு தடவை அது இரட்டிக்கிறதென்று வையுங்கள். ஒரு நாளில் 4. இரண்டு நாளில் 16. ஐந்து நாளில் 1,024. பத்து நாளில் பத்து லட்சத்துக்கு மேல்! முதல் நாலைந்து நாள் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். கடைசி மூன்று நாளில் பட்டாளம் வந்து நிற்கும். எந்தப் புது நோய்க்கும், எந்தத் தடுப்பூசிக்கும் பாதுகாப்பு வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆவதற்குக் காரணம் இந்த இரட்டிப்புத்தான். இதை அவசரப்படுத்த எந்த மந்திரத்தாலும் ஆகாது.

இதை வைத்துக்கொண்டு நாய்க்கடியைப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்திருக்கிற தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன்.

வெறிநாய் கடித்தால் அந்த வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெள்ள மூளையை நோக்கிப் போகிறது. போய்ச் சேரப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் சீக்கிரமாகவே போய்விடலாம். மூளைக்குப் போய், தண்ணீரைக் கண்டால் பயம் வந்துவிட்டதென்றால் அப்புறம் பிழைத்தவர் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊசி போட்டால் எதிர்ப்பொருள் வர ஏழு முதல் பதினாலு நாள். ஆகவே இது ஒரு பந்தயம். அந்தப் பக்கம் வைரஸ் நடக்கிறது; இந்தப் பக்கம் நம் அணு இரட்டிக்கிறது. நாம் முந்திக்கொள்ளப் போதுமான நாள் இருக்கிறது. அந்த நாளைப் பாழாக்காமல் இருந்தால் போதும். கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவுவது வைரஸின் தொகையைக் குறைக்கிறது. ஆழமான காயமானால், காயத்துக்குள்ளேயே ஆயத்த எதிர்ப்பொருளை ஊசியால் ஏற்றுவது, நம் பட்டாளம் வருகிற வரையில் கூலிக்காவல் போடுவது போல. 0, 3, 7, 28 என்று அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுகிற ஊசிக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் பார்த்து அல்ல. பெருகுகிற அணுவை எந்தெந்த நாளில் மறுபடியும் தூண்டினால் நெடுநாள் நிற்கும் என்று எதிர்ப்பொருளை அளந்து பார்த்து வைத்தது.

நமக்கு வடக்கே மலைமேல் குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்துவார்களே, அந்தக் காலத்து ஊசியெல்லாம் இப்போது போய்விட்டது. இப்போதைய ஊசி கையில்தான். அப்படியிருந்தும் வேர் கட்டுகிறவரிடமும் மந்திரிக்கிறவரிடமும் ஓடுகிறார்களே, ஏன்? ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏனுங் தம்பி, எங்கூர்ல வேர் குடுக்கற ஆளு நூறு பேருக்குக் குடுத்திருக்கறாரு, தொண்ணூத்தஞ்சு பேரு நல்லாத்தானுங்க இருக்கறாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

நல்ல கேள்வி. நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: "அந்த நூறு பேரைக் கடித்த நாயில் எத்தனை வெறிநாய்?" அவருக்குத் தெரியவில்லை, வேர் கொடுத்தவருக்கும் தெரியாது. ஒரு பேச்சுக்கு இருபது வெறிநாய் என்று வையுங்கள். வெறிநாய் கடித்தவர்களிலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பல் ஆழ இறங்காமல் போகலாம், துணி தடுத்திருக்கலாம். இருபதில் ஐந்து பேருக்கு வருகிறதென்று வையுங்கள். அந்த ஐந்து பேர் செத்துப்போனார்கள். மிச்சம் தொண்ணூற்றைந்து. வேருக்குப் பதில் வெறும் வெல்லம் கொடுத்திருந்தாலும் தொண்ணூற்றைந்துதான்! வேர்க்காரர் காப்பாற்றியது பூஜ்யம். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்க வேண்டிய ஐந்து பேரைக் கொன்றதுதான் அவர் கணக்கில் வரவு. பிழைத்த தொண்ணூற்றைந்து பேர் ஊரெல்லாம் புகழுகிறார்கள். செத்த ஐந்து பேர் வந்து சாட்சி சொல்வதில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அஞ்சுல ஒண்ணு என்ற தங்கச்சி பையனுங்க" என்றார். அதற்குமேல் அவரிடம் வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இனி எச்.ஐ.வி. என்ற எய்ட்ஸ் கிருமியைப் பற்றி. இந்தியாவிலேயே இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் என்ற அம்மையாரும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற அம்மையாரும் ரத்தம் சேகரித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்துக் கண்டார்கள். அதுவரை "இது வெள்ளைக்காரன் நாட்டு நோய், நம் புண்ணிய பூமிக்கு வராது" என்று பேசியவர்கள் எத்தனையோ பேர். கிருமிக்குப் புண்ணிய பூமி, பாவ பூமி தெரியுமா?

இந்தக் கிருமி நோய் எதிர்ப்பு அணுவுக்குள்ளேயே புகுந்து அதையே கெடுப்பது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் குடியிருப்பது மாதிரி. தொற்றின பிறகு பல வருஷம் மனிதன் நன்றாக நடமாடுவான். ரத்தத்தில் கிருமியின் அளவும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகையால் கிருமி தூங்குகிறது என்றே டாக்டர்களிலும் பலர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தோழர்களே! நம் உக்கடம் பெரியகுளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகக் குளத்தின் மட்டம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதைக் கண்டு நொய்யலிலிருந்து தண்ணீரே வரவில்லை என்று சொல்லலாமா? வாய்க்காலில் சொட்டுச் சொட்டாக வந்து மதகில் சொட்டுச் சொட்டாகப் போனாலும் மட்டம் நிற்கும். வாய்க்காலில் வெள்ளமாக வந்து மதகில் வெள்ளமாகப் போனாலும் மட்டம் நிற்கும். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எது உண்மை என்று அறிய ஒரே வழி, வாய்க்காலைத் திடீரென்று அடைத்துவிட்டு, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளப்பது.

1995, 96-ம் வருஷங்களில் அமெரிக்காவில் டேவிட் ஹோ என்ற டாக்டரும், ஆலன் பெரல்சன் என்ற கணக்கு அறிஞரும் செய்தது இதுதான். பெரல்சன் வேலை பார்த்தது, அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸில். கணக்கு கொல்லவும் உதவும், காக்கவும் உதவும். பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது. கிருமி உற்பத்தியைத் தடுக்கிற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து, அதாவது வாய்க்காலை அடைத்து, அடிக்கடி ரத்தம் எடுத்து அளந்தார்கள். மட்டம் மடமடவென்று இறங்கிற்று. கணக்குப் போட்டதில், ரத்தத்திலுள்ள கிருமியில் பாதி சுமார் ஆறு மணி நேரத்தில் ஒழிகிறது என்று வந்தது. (பின்னால் வந்த அளவுகள் அதைவிடச் சீக்கிரம் என்கின்றன.) கிருமி புகுந்த அணுவில் பாதி ஒன்றரை நாள் சில்லறையில் சாகிறது. அப்படியானால், மட்டம் நிற்க வேண்டுமானால் தினம் எவ்வளவு கிருமி புதிதாகப் பிறக்க வேண்டும்? சுமார் ஆயிரம் கோடி! தூங்குகிறது என்று நினைத்த வருஷங்களிலெல்லாம், ஒவ்வொரு நாளும் ஆயிரம் கோடி பிறந்து ஆயிரம் கோடி செத்துக்கொண்டிருந்தது. எந்த பூதக்கண்ணாடியாலும் இதைக் கண்டிருக்க முடியாது. கூட்டல், கழித்தலால் கண்டார்கள்.

இந்த ஆயிரம் கோடியிலிருந்து இன்னொரு கணக்குப் பிறக்கிறது. இதை எல்லோரும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை விடுகிற பேர்வழி. குறிப்பிட்ட ஓரிடத்தில் குறிப்பிட்ட ஒரு பிழை, தோராயமாக லட்சத்தில் ஒரு பிரதியில் விழுகிறது. அந்த ஒரு பிழை ஒரு மருந்தை ஏமாற்றப் போதுமென்று வையுங்கள். ஆயிரம் கோடியை லட்சத்தால் வகுத்தால் லட்சம். அதாவது ஒரு மருந்து மட்டும் கொடுத்தால், அதை ஏமாற்றத் தெரிந்த கிருமி தினம் லட்சம் பிறக்கிறது! 1987-ல் வந்த முதல் மருந்து தனியாகக் கொடுக்கப்பட்டபோது கொஞ்ச காலத்தில் தோற்றதற்கு இதுதான் காரணம். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தால்? இரண்டு பிழையும் ஒரே பிரதியில் விழ வேண்டும். லட்சத்தை லட்சத்தால் பெருக்கினால் ஆயிரம் கோடி. தினம் ஒன்று பிறக்கும். அந்த ஒன்றும் போதும் கெடுக்க. மூன்று மருந்து சேர்த்தால்? லட்சம் நாளுக்கு ஒன்று! லட்சம் நாள் என்பது இருநூற்று எழுபது வருஷத்துக்கு மேல். பிறந்த கிருமியெல்லாம் அணுவுக்குள் புகுந்து பெருகிவிடுவதில்லையாகையால் நிஜத்தில் இன்னும் அரிது.

1996 முதல் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கலானார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் நம் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று.

அப்படியானால் "உடம்புதான் தேறிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்பார்கள். இதற்கும் கணக்கு இருக்கிறது. அதில் ஒரு சங்கதி இருக்கிறது. முதலில் பெரல்சன் கோஷ்டியாரே, இரண்டு, மூன்று வருஷம் விடாமல் சாப்பிட்டால் கிருமி அடியோடு போய்விடக்கூடும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அதே சமயத்தில், நோயை ஞாபகம் வைத்திருக்கிற சில அணுக்களுக்குள் கிருமி நிஜமாகவே உறங்கிக் கிடப்பதைக் கண்டார்கள். அந்த உறங்குகிற கூட்டம் பாதியாகக் குறைய சுமார் 44 மாதம் ஆகிறது. அப்படிப்பட்ட அணு பத்து லட்சம் இருந்தால், பாதி பாதியாக்கி ஒன்றுக்குக் கொண்டுவர இருபது தடவை பாதியாக்க வேண்டும். இருபதை நாற்பத்து நாலால் பெருக்குங்கள். 880 மாதம். எழுபத்து மூன்று வருஷம்! ஆகையால் ஆயுள் முழுவதும் மாத்திரை. இடையில் விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, மருந்து பாதி நாள் ரத்தத்தில் இல்லாமல் போய், மூன்று பூட்டும் ஒரே சமயத்தில் பூட்டியிருக்க வேண்டுமென்ற அந்தக் கணக்கே கெட்டுவிடுகிறது. காப்பு அறுத்தாகிவிட்டது, நேர்த்திக்கடன் கழித்தாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் சண்டை போடுவது டாக்டரோடு அல்ல, பெருக்கல் வாய்பாட்டோடு.

நேரமாகிவிட்டது. சில சீட்டுகள் வந்திருக்கின்றன. அவைகளுக்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.

ஒரு தோழர் எழுதுகிறார்: "கணக்குக்காரர்களும் ஜோசியர்களைப் போலப் பொய்த்துப் போகவில்லையா?" பொய்த்திருக்கிறார்கள். சந்தேகமில்லை. 2020 அக்டோபரில் மத்திய அரசாங்கம் நியமித்த கணக்கு நிபுணர் கமிட்டி ஒன்று, 2021 பிப்ரவரிக் கடைசிக்குள் கொரோனா பெரும்பாலும் அடங்கிவிடும் என்றது. ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கு நாம் அலைந்தது தெரியும். புது உருவத்தில் கிருமி வந்ததும், ஜனங்களுக்குள்ள எதிர்ப்பை அதிகமாக மதித்துவிட்டதும் காரணம் என்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் தவறினார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இன்ன மாதம், இன்ன அளவு என்று எழுதி வைத்ததால் தெரிந்தது. "சிலருக்குக் கஷ்டமும் சிலருக்கு லாபமும் உண்டாகும்" என்று எழுதுகிற ஜோசியனை எந்தத் தேதியில் பிடிப்பீர்கள்?

இன்னொரு சீட்டு: "எதிர்ப்பொருள்தான் சில மாதத்தில் குறைந்துவிடுகிறதாமே, பிறகு ஊசி எதற்கு?" குறைவது உண்மைதான். நம் மாகாணத்தில் ஜனங்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில், 2020 அக்டோபர்-நவம்பரில் நூற்றுக்குச் சுமார் 32 பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. 2021 ஏப்ரலில் சுமார் 23-ஆகக் குறைந்தது. நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே குறைந்தது! அவ்வருஷம் ஜூன்-ஜூலையில் சுமார் 67-க்கு ஏறிற்று. எதிர்ப்பொருள் என்பது செய்து வைத்த சரக்கு, கிடங்கில் குறையும். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த ஞாபக அணுக்கள் மிச்சம் இருக்கின்றன. அடுத்த தடவை கிருமி வந்தால், ஒன்றிலிருந்து இரட்டிக்க வேண்டியதில்லை, ஆயிரத்திலிருந்து இரட்டிக்கலாம். நான் முன்னே சொன்ன அரை நாள் கணக்கில் ஐந்து நாள் மிச்சம். அந்த ஐந்து நாள்தான் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசிச் சீட்டு தாய்மார் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. தங்கள் லைனில் எச்.ஐ.வி. உள்ள ஓர் அம்மாள் மாத்திரை சாப்பிட்டு வருவதாகவும், வீட்டுக்காரர் குழாயைத் தொடக் கூடாது, மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். குழாயில், குடத்தில், சோற்றில், தொட்டால், இருமினால் இது ஒட்டாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கணவனுக்கு உறவின் மூலம்கூட ஒட்டாது என்பது ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருஷக்கணக்கில் கவனித்து முடிவானது. கோவை அரசு ஆஸ்பத்திரியிலேயே இதற்குத் தனி மையம் இருக்கிறது. இந்த நோயைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுப்பதை 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அது 2018 முதல் அமலில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பெயர் எனக்கு வேண்டாம். கூட்டம் முடிந்தவுடன் சீட்டு எழுதிய அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்தால், சட்டத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன். நம் தோழர்களில் இரண்டு பேர் நாளைக் காலையில் கூடவே போய் அந்த வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள்.